வளைகுடாவில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி: தாள் தாளாக ஒரு வழிகாட்டி

துபாயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி. ஆனால் அங்கே இறந்துபோனவரின் பெட்டி வந்துசேர நாலு நாளும் ஆகலாம், சில சமயம் நாலு வாரமும் ஆகலாம். விமானம் கிடைக்காததால் அல்ல. ஒரு தாள் கையெழுத்தானால்தான் அடுத்த தாள் கிடைக்கும், அதனால்தான் இந்தத் தாமதம். பல நேரங்களில் நின்றுபோகும் தாள் வளைகுடாவில் இருப்பதில்லை, நம் ஊரிலிருந்து போக வேண்டிய தாளாகவே இருக்கும்.

இது தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பத்துக்காக எழுதியது. ஐக்கிய அரபு அமீரகத்து நடைமுறையை அடிப்படையாக வைத்திருக்கிறோம். சவூதி வேறு மாதிரி, அதைத் தனியே சொல்கிறோம்.

முதல் போன் வந்தவுடன்

செய்தி பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வராது, அறையில் கூட இருந்தவர்தான் கூப்பிடுவார். அழுகைக்கு நடுவே அவரிடம் இவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: உடல் எந்த மருத்துவமனைப் பிணவறையில் இருக்கிறது, எந்தப் போலீஸ் நிலையத்தின் எல்லை, இறந்த தேதியும் நேரமும், கம்பெனியின் முழுப் பெயர், அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூப் யார், அவருடைய எண் என்ன. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, எமிரேட்ஸ் ஐடி அல்லது இக்காமா (சவூதியின் குடியிருப்பு அட்டை) ஆகியவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கம்பெனியின் கையில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட் ஜெராக்ஸ், வேலை ஒப்பந்தம், பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி மூன்றையும் தேடுங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்டில் போனவர் என்றால் அந்தப் பாலிசி கட்டாயம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம் என்பதால் அப்படி ஒன்று எடுத்ததே பல குடும்பங்களுக்குத் தெரியாது. விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். உடலைக் கொண்டுவரும் செலவுக்கும் கூட வரும் ஒருவரின் டிக்கெட்டுக்கும் அதில் இடம் உண்டு.

அன்றைக்கே மூன்று இடத்தில் பதிவு செய்ய வேண்டும். முதலாவது, வெளியுறவு அமைச்சகத்தின் “மதத்” (MADAD) என்ற புகார் இணையதளம். அங்கே கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு யாரிடம் பேசினாலும் அதைத்தான் கேட்பார்கள். இரண்டாவது, அந்த நாட்டு இந்தியத் தூதரகம். அமீரகத்துக்குள் இருப்பவர்கள் 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். மூன்றாவது, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம், எண் 1800 309 3793. ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் அந்த மனுவும் சுற்றிக்கொண்டு இதே ஆணையரகத்துக்குத்தான் போகும். ஆகவே அதை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

செலவு யாருடையது

அமீரகத்தில் இதில் குழப்பமே இல்லை. 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், பிரிவு 15: குடும்பம் கேட்டால் உடலைத் தயார்செய்து சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவு முழுவதும் முதலாளியுடையது. சம்பள பாக்கி, பணிக்கொடை எல்லாவற்றையும் 10 நாளுக்குள் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவும் உடலை அனுப்பும் செலவை முதலாளி மேலேயே வைக்கிறது.

“குடும்பம் கேட்டால்” என்பதைக் கவனியுங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது. கம்பெனி மின்னஞ்சலுக்கு, தூதரகத்துக்கு நகல் போட்டு, “உடலை இந்த விமான நிலையத்துக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்” என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

முதலாளி கைவிரித்தால், அல்லது இறந்தவர் விசிட் விசாவில் போனவராகவோ விசா முடிந்து தங்கியவராகவோ இருந்தால், தூதரகத்தின் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. 2009-இல் தொடங்கியது. குடும்பத்துக்கு வசதியில்லை என்று எழுதிக் கேட்க வேண்டும். ஓடிப்போனவர் என்று கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) புகார் கொடுத்திருந்தாலும் உடல் வருவதற்கு அது தடையில்லை. போலீசிலும் குடியேற்றத் துறையிலும் இரண்டு தாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இதற்கிடையே ஏஜெண்ட் ஒருவர் வந்து, “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம், பணம் மட்டும் போடுங்க” என்பார். இப்படிப்பட்டவர்கள் கொள்ளை விலை கேட்பதாகத் துபாய் இந்தியத் துணைத் தூதரகமே பொதுவில் எச்சரித்திருக்கிறது. பணம் அனுப்புமுன் தூதரகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். காசு வாங்காமல் இதே வேலையைச் செய்து கொடுக்கும் சமூக ஆர்வலர்கள் அங்கே எல்லா ஊரிலும் உண்டு, அவர்கள் யார் என்பது தூதரகத்துக்குத் தெரியும்.

ஊரிலிருந்து போக வேண்டிய கடிதம்

இந்தக் கட்டத்தில்தான் நாட்கள் விரயமாகின்றன. இறந்தவரின் நெருங்கிய வாரிசு, நோட்டரி சான்றொப்பத்துடன் ஒரு சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். திருமணமானவர் என்றால் மனைவி, இல்லையென்றால் தாய் அல்லது தந்தை. அண்ணன் தம்பி கையெழுத்து, பெற்றோரும் மனைவியும் இல்லாதபோதுதான் செல்லும். மனைவி பிரிந்து வாழ்கிறார் என்றாலும் இந்தக் கடிதத்தில் முதல் இடம் அவருக்கே. அம்மா ஒரு கடிதமும் மனைவி ஒரு கடிதமும் தனித்தனியே அனுப்பினால் தூதரகம் இரண்டையும் ஓரமாக வைத்துவிடும். சண்டையை ஊரில் பேசித் தீர்த்துவிட்டு ஒரே கடிதமாக அனுப்புங்கள்.

கடிதத்தில் என்னென்ன வர வேண்டும் என்றால்: கையெழுத்திடுபவரின் பெயர், ஆதார் எண், இறந்தவருக்கு என்ன உறவு, இறந்தவரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து, பாஸ்போர்ட் எண், இறந்த தேதி, இடம், உடலை இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதம் என்ற வரி, அங்கே உடலைப் பெற்றுக் கையெழுத்திட அதிகாரம் பெறுபவரின் பெயர், பாஸ்போர்ட் எண், கைபேசி எண், எந்த விமான நிலையம், இங்கே பெட்டியை வாங்கப்போகிறவரின் பெயர், கைபேசி எண். கூடவே மனைவி என்றால் திருமணச் சான்று அல்லது குடும்ப அட்டை நகல். ஆங்கிலத்தில் அடித்து, நோட்டரி முத்திரை எல்லாப் பக்கத்திலும் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேன் செய்து அனுப்புங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தில் முத்திரை மங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அசலையும் தூதரகம் கேட்கலாம், கூரியருக்குத் தயாராக வைத்திருங்கள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் “முருகேசன்” என்று ஒற்றைப் பெயர், ஆதாரில் “கா. முருகேசன்”, குடும்ப அட்டையில் “முருகேஷ்”, திருமணச் சான்றில் “முருகேசன் காத்தமுத்து”. நம் கண்ணுக்கு நாலும் ஒரே ஆள், அங்கிருக்கும் அதிகாரிக்கு நாலு பேர். போதாக்குறைக்கு இறப்புச் சான்று அரபியில் எழுதப்பட்டு, மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது பெருமாள் “பிருமல்” ஆகிவிடுவார். இதற்கு இரண்டு மருந்து. நாலு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அதே நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொள்வது ஒன்று. இறப்புச் சான்று அச்சாகுமுன் அங்கிருக்கும் நண்பர் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது இன்னொன்று. அச்சான பிறகு திருத்துவதென்றால் மருத்துவமனையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் தாங்களே ஒரு கடிதம் தயாரித்து அனுப்பி, இதில் கையெழுத்திட்டால்தான் உடல் வரும் என்பார்கள். அதன் கடைசிப் பத்தியில் “எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று இருக்கும். உடலை அனுப்புவதற்கும் பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பத்தி இருக்கும் தாளில் கையெழுத்திடாதீர்கள், தூதரகத்துக்கு அனுப்பிக் காட்டுங்கள்.

அமீரகத்தில் தாள் நகரும் வரிசை

மருத்துவமனை இறப்பு அறிவிப்பைக் கொடுக்கும். அதை வைத்துப் போலீஸ், உடலை விடுவிக்க ஆட்சேபமில்லை என்று எழுதித் தரும். அறையிலோ வேலைத்தளத்திலோ இறந்தால் தடயவியல் மருத்துவர் பார்த்த பிறகே அது கிடைக்கும். பிறகு சுகாதாரத் துறையின் இறப்புச் சான்று. அதையும் அசல் பாஸ்போர்ட்டையும் சம்மதக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தூதரகம் போனால், மரணத்தைப் பதிவுசெய்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, ஆட்சேபமின்மைக் கடிதம் தருவார்கள். அடுத்தது விசா ரத்து, இது மந்தூப் வேலை. அதன்பின் விமான கார்கோ பதிவு, எம்பாமிங் (உடல் கெடாமல் மருந்தேற்றுவது), விமான நிலையம்.

மருத்துவமனையில் இயற்கையாக இறந்தவர், கம்பெனி ஒத்துழைப்பு, தாள்களில் பிழையில்லை என்றால் இவ்வளவும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். நடுவில் வாரவிடுமுறை வந்தால் நீளும். 2022 முதல் அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரைநாள். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைனில் வெள்ளியும் சனியும். மரணம் தொடர்பான வேலைக்குத் தூதரகத்தில் விடுமுறை நாளிலும் ஆள் இருப்பார்கள், கேட்க வேண்டும்.

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள். சாரத்திலிருந்து விழுந்தவருக்கோ வெயிலில் சுருண்டு விழுந்தவருக்கோ “இதயத் துடிப்பு நின்றது, இயற்கை மரணம்” என்று எழுதிவிட்டால், விபத்துக் காப்பீடும் தொழிற்காய இழப்பீடும் சேர்ந்தே போய்விடும். சந்தேகம் இருந்தால் எம்பாமிங்குக்கு முன்பே தூதரகத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். இரத்தத்தை வடித்து மருந்து ஏற்றிய உடலில், ஊரில் மறு பிரேதப் பரிசோதனை செய்தாலும் நஞ்சு போன்றவற்றைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

தீயில் கருகிய உடல், பல நாள் கழித்துக் கிடைத்த உடல் என்றால் மரபணுப் பரிசோதனை இல்லாமல் விடமாட்டார்கள். பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரி வேண்டும், மனைவியுடையது உதவாது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் கட்டடத் தீ விபத்தில் இறந்தவர்களில் 45 இந்தியர்களின் உடல்கள் இரண்டே நாளில் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அதில் 7 பேர் தமிழ்நாட்டவர். நாடே பார்த்துக்கொண்டிருந்த சம்பவம் அது. தனி ஒருவரின் மரணத்தில் அந்த வேகத்தை எதிர்பார்த்துத் தூதரக ஊழியரிடம் கோபப்படுவதில் பயனில்லை.

சவூதி என்றால்

சவூதியில் சம்மதக் கடிதம் மட்டும் போதாது. அங்கே இருக்கும் ஒருவர் பெயரில் வாரிசுகள் அனைவரும் சேர்ந்து அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும். இதற்குத் தூதரகமே ஒரு படிவம் வைத்திருக்கிறது. வக்கீல் தன் வழக்கப்படி எழுதிக் கொடுத்ததை நம்பாமல் அந்தப் படிவத்தையே பயன்படுத்துங்கள். அதிகாரம் பெறுபவர் செல்லுபடியாகும் இக்காமா வைத்திருக்க வேண்டும், அலுவலகம் அலுவலகமாக அலைய விடுப்பும் கிடைக்க வேண்டும். ரியாத்தில் இறந்தவருக்கு ஜித்தாவிலிருக்கும் மச்சானை நியமித்தால் எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் அவர் அலைய வேண்டியிருக்கும்.

மருத்துவமனையின் தப்லீக் வஃபாத் (இறப்பு அறிவிப்பு), போலீஸ் கடிதம், குடிமைப் பதிவைப் பார்க்கும் அஹ்வால் அலுவலகத்தின் இறப்புச் சான்று, தூதரகக் கடிதம், பாஸ்போர்ட் துறையான ஜவாசாத்தின் இறுதி வெளியேற்ற முத்திரை என்று போகும். இயற்கை மரணமல்ல என்றால் ஆளுநர் அலுவலகமான அமாராவும் நடுவில் வரும். இரண்டு மூன்று வாரம் ஆவது அங்கே அபூர்வமில்லை. ஊரில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்களை வரச்சொல்லி, தினமும் சோறு பொங்கிக்கொண்டு இருக்காதீர்கள். விமானத்தில் பெட்டி ஏறியது உறுதியான பிறகு சொன்னால் போதும்.

சவூதியில் எரியூட்ட முடியாது. இந்து, கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் உடலை ஊருக்கே கொண்டுவருகின்றன. முஸ்லிம் குடும்பங்களில் பலர் அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிக்கிறார்கள், அது சீக்கிரமே முடிந்துவிடும். ஹஜ் போன இடத்தில் இறப்பவர்களின் உடல் ஊருக்கு அனுப்பப்படுவதில்லை, அந்த மண்ணிலேயே அடக்கம். அமீரகத்தில் எரியூட்ட துபாய் ஜெபல் அலியில் இடமுண்டு.

எம்பாமிங்கும் பெட்டியும்

தமனி வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தை உள்ளே செலுத்தி, சிரை வழியாக இரத்தத்தை வெளியேற்றுவதுதான் எம்பாமிங். துபாயில் இது சோனாப்பூர் என்று நம்மவர்கள் சொல்லும் முஹைஸ்னாவில் நடக்கிறது. முடிந்ததும் ஒரு சான்று தருவார்கள், அது இல்லாமல் விமானமும் ஏற்றாது, இந்தியாவும் இறக்காது. விமானத்தில் இடம் உறுதியாகாமல் எம்பாமிங்குக்கு அவசரப்படாதீர்கள், விமான நாளில் செய்வதே நல்லது.

முகம் பார்க்கும் நிலையில் இருக்கிறதா என்று அங்கிருக்கும் நண்பரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிணவறைக் குளிரில் பல வாரம் இருந்த உடலின் நிறம் கறுத்திருக்கும். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் முன்கூட்டியே தயார்படுத்த அது உதவும். வேட்டி, சட்டை, சேலை போடச் சொல்ல வேண்டுமானால் எம்பாமிங்குக்கு முன்பே துணியைக் கொடுத்தனுப்புங்கள். முஸ்லிம் என்றால் குளிப்பாட்டிக் கஃபன் துணி இடுவதையும் அங்கேயே செய்துகொள்ளலாம்.

எந்த விமான நிலையம்

ஊருக்குப் பக்கம் என்பதைவிட நேரடி விமானம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நடுவில் விமானம் மாற்றினால் இணைப்பு விமானத்தில் பெட்டி ஏறாமல் தங்கிவிடும் ஆபத்து உண்டு. துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் இருப்பதால் டெல்டா, புதுக்கோட்டை, சிவகங்கை மக்களுக்கு அதுவே வசதி. சவூதியிலிருந்து என்றால் சென்னையோ கொச்சியோ வேகமாக அமையலாம். ஒரு காலத்தில் உடலையும் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் ஏர் இந்தியா ஒரே கட்டணம் என்று மாற்றியது, அப்போது அமீரகத்திலிருந்து 1,500 திர்ஹம்.

கார்கோ ரசீதில் பெறுபவர் என்று யார் பெயர் போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பாசத்தில் மனைவி பெயரைப் போட்டுவிடுவார்கள். நடு இரவில் கார்கோ அலுவலகத்தில் நின்று கையெழுத்திட அவரால் முடியுமா? ஓடியாடக்கூடிய ஒரு உறவினரின் பெயரை, ஆதாரில் உள்ளபடி, வேலை செய்யும் கைபேசி எண்ணுடன் கொடுங்கள்.

இந்தியப் பக்கத்தில் விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதி வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து இது இ-கேர் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகத்தின் ஆட்சேபமின்மைக் கடிதம், ரத்தான பாஸ்போர்ட்டின் நகல் ஆகிய நான்கையும் விமானம் கிளம்புமுன் பதிவேற்றியாயிற்றா என்று அனுப்புபவரிடம் கேளுங்கள். ஆங்கிலம் அல்லாத சான்றுக்கு மொழிபெயர்ப்பும் கூட வேண்டும்.

பெட்டி இறங்கும் இரவு

பெட்டி பயணிகள் வெளிவரும் வாசலுக்கு வராது. கார்கோ முனையத்துக்கு வரும், அதன் வாசல் வேறு. உறவினர் முப்பது பேர் வருகைப் பகுதியில் இரண்டு மணி நேரம் காத்து நிற்பது வாடிக்கையாக நடக்கிறது. பெறுபவர் அசல் ஆதார், கார்கோ ரசீது எண், நான்கு சான்றுகளின் நகல் மூன்று செட் எடுத்துக்கொண்டு கார்கோ வாசலில் இருக்க வேண்டும். விமானம் இறங்கிய பின் சுகாதாரம், சுங்கம் முடித்து வெளியே வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுங்க வரி கிடையாது.

விமான நிலையத்திலிருந்து வீடு வரை இலவச ஊர்தியை அயலகத் தமிழர் ஆணையரகம் ஏற்பாடு செய்கிறது, ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். சொந்தமாக வண்டி பிடித்தால் உள்தளம் ஏழடிக்கு மேல் இருக்கட்டும், ஆம்னி வேனில் பெட்டி நுழையாது. ஸ்க்ரூடிரைவர், கடப்பாரை, கையுறை, முகக்கவசம் வண்டியிலேயே இருக்கட்டும். பெட்டியை வெளி முற்றத்தில் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட விடுங்கள். ஃபார்மலின் நெடி கண்ணை எரிக்கும். ஐஸ் பெட்டி தேவையில்லை. எரிவாயு தகன மேடையில் பெட்டியோடு எடுக்கமாட்டார்கள், பிளாஸ்டிக் உறையையும் நீக்கச் சொல்வார்கள். மயானத்தில் காட்ட இறப்புச் சான்று நகல் ஒன்று கையில் வேண்டும்.

அங்கேயே எரித்து அஸ்தி மட்டும் வருவதாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இறப்புச் சான்று, தகனச் சான்று, தூதரகக் கடிதம் மூன்றுடன் ஒருவர் கைப்பையிலேயே கொண்டுவரலாம். பித்தளைச் செம்பு வேண்டாம், எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது. மரப்பெட்டி நல்லது.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

வெளிநாட்டில் நடந்த மரணத்தை நம் ஊராட்சியிலோ நகராட்சியிலோ பதிய முடியாது, மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. எனவே அந்த நாட்டு இறப்புச் சான்றும் தூதரகப் பதிவுச் சான்றும்தான் இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம். நண்பர் அங்கே இருக்கும்போதே கூடுதல் அசல்களும், அந்நாட்டு வெளியுறவுத் துறை முத்திரையும், ஆங்கில மொழிபெயர்ப்பும் வாங்கச் சொல்லுங்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, வங்கி, எல்ஐசி எல்லா இடத்திலும் இவையே கேட்கப்படும். ரத்தான பாஸ்போர்ட்டையும் திருப்பி வாங்குங்கள்.

அமீரகத்தில் வேலையில் ஏற்பட்ட காயத்தால் மரணம் என்றால் 24 மாத அடிப்படைச் சம்பளம் இழப்பீடு, குறைந்தது 18,000 திர்ஹம், அதிகபட்சம் 2 லட்சம் திர்ஹம். சாலை விபத்தில் இன்னொருவர் தவறென்றால் தியா என்ற இரத்தப் பணம் தனி, அது நீதிமன்றம் வழியாக வரும். இவற்றை வாங்க வாரிசுகள் தூதரகத்தின் பெயரிலேயே அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம், வக்கீல் கமிஷன் மிஞ்சும். தொகை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக வருவதும் உண்டு. அப்படியானால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு விசாரணைத் தாள் வரும். அது வந்துவிட்டதா என்று மாதம் ஒருமுறை, மதத் புகார் எண்ணையும் வாரிசுச் சான்று நகலையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.